வாரத்துக்கு ஒரு நிமிடம்

ஐம்பத்தாறு வயதிலும் அவள் சின்னவள்தான். இரண்டாவது மகனைக் கட்டிக்கொண்டு வந்ததால் மாமனார் வைத்த பெயர். பிறகு பால்காரர், தபால்காரர், எதிர்வீட்டு நாய்க்கு பிஸ்கட் போடுகிற பெண் என்று எல்லோரும் அதையே பிடித்துக்கொண்டார்கள். கணவன் போய் ஆறு வருடம் ஆன பிறகும் பெயர் மட்டும் வீட்டை விட்டுப் போகவில்லை.

அவளுடைய அப்பா படங்களுக்குச் சட்டம் போடுகிறவர். பசை வாசனையும் கண்ணாடித் தூளுமாக ஒரு ஒற்றை அறைக் கடை. பத்து வயதிலேயே அவள் தெருவுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, "இடது மூலை ஒரு நூல் இறங்கியிருக்குப்பா" என்பாள். அளந்து பார்த்தால் அரைக்கால் அங்குலம் இறங்கித்தான் இருக்கும். அந்தக் கண்ணோடு கடிகாரக்காரர் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள்.

வந்த மூன்றாம் நாள் கணவன் வீட்டைச் சுற்றிக் காட்டினான். முன்னறையில் ஜன்னலை ஒட்டி வேலை மேஜை. சுவர் முழுக்கக் கடிகாரங்கள், எண்ணினால் நாற்பத்தொன்று. நடையில் எதிரும் புதிருமாக இரண்டு ஆளுயரக் கடிகாரங்கள்.

"பெட்டிக்கு வெளியில எங்க வேணும்னாலும் தொடலாம். தொடைக்கலாம், மெழுகு போடலாம். கதவைத் திறந்து உள்ள கை வைக்கிறது மட்டும் இந்த வீட்டுல பொறந்தவங்க வேலை. கோவிச்சுக்காதே. எங்கம்மாவுக்கும் இதே சட்டம்தான்" என்றான்.

அவள் கோபித்துக்கொள்ளவில்லை. நாற்பத்து மூன்று பெட்டிகளைத் துடைப்பதே ஒரு ஆள் வேலை என்பது முதல் வாரத்திலேயே புரிந்துவிட்டது.

இன்னொரு சட்டமும் இருந்தது. மாமனாரின் அப்பா காலத்திலிருந்து வருவது. அந்த வீட்டுக் கடிகாரம் வாரத்துக்கு ஒரு நிமிடம் முந்தலாம், ஒரு நிமிடம் பிந்தலாம். அதற்கு மேல் போனால் பாட்டன் பெயர் பொறித்த தகட்டோடு வாசலைத் தாண்டக்கூடாது. சரிசெய்ய முடிந்தால் சரி. முடியாவிட்டால் தகட்டைக் கழற்றி, இயந்திரத்தைப் பிரித்து, உதிரிச் சாமான் டப்பாவில் போட்டுவிடுவார்கள். இதில் தயவு தாட்சண்யம் கிடையாது.

நடையில் நின்ற இரண்டும் பாட்டனே செய்தவை. ஒரே மாதிரி பெட்டி, ஒரே மாதிரி முகம். ஒன்று நாளுக்கு மூன்று நிமிடம் பிந்தும். மற்றது மூன்று நிமிடம் முந்தும். சோம்பேறி, அவசரக்காரன் என்று பெயர் வைத்திருந்தார்கள். மாமனார் தினமும் காலையில் பல் தேய்த்த கையோடு இரண்டின் முள்ளையும் திருத்துவார். அவை வாசலைத் தாண்டப் போவதில்லை என்பதால் சட்டம் அவற்றைச் சீண்டவில்லை.

கோளாறு ஆரம்பித்தது அவளுடைய கல்யாணத்தை ஒட்டி. அதுவரை இரண்டும் ஒழுங்காக ஓடினவையாம். நாத்தனாருக்கு அப்போது பதினெட்டு வயது. வீட்டில் அவள் பெயர் குட்டி. "அண்ணி வந்த நேரம், வீட்டுல நேரமே சரியில்லை" என்று அவள் ஒரு நாள் சொல்லிவைத்தாள். விளையாட்டாகத்தான் சொன்னாள். ஆனால் வீட்டுக்கு வந்த விருந்தாளிகள் எல்லோருக்கும் அந்த ஜோக் முப்பத்திரண்டு வருடம் பரிமாறப்பட்டது. சின்னவளும் சிரித்துக்கொண்டே டீ கொண்டுவந்து வைப்பாள்.

சிரிக்காதவன் கணவன் ஒருவன்தான். ஞாயிற்றுக்கிழமை வந்தால் சோம்பேறியின் முன்னால் உட்கார்ந்துவிடுவான். இருபத்தைந்து வருடத்தில் ஒன்பது தடவை அதைக் கடைசித் திருகாணி வரை பிரித்துக் கழுவிப் பூட்டினான். பெண்டுலத்தின் அடியில் வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு திருகு உண்டு. சோம்பேறியின் திருகு எப்போதோ மேல் எல்லைக்குப் போய் முட்டி நின்றுவிட்டது. பெண்டுலத் தண்டை அரை விரல் வெட்டிக் குட்டையாக்கினால் வேலை முடிந்தது. தெருமுனையில் ரிப்பேர் கடை வைத்திருப்பவன்கூட அதைத்தான் செய்வான். இந்த வீட்டில் அது நடக்காது. தண்டின் நீளம் பாட்டன் போட்ட அளவு. பாட்டன் அளவில் தப்பு வராது. எனவே தப்பு உள்ளே எங்கோ இருக்கிறது.

"நான்தான் எதையோ பாக்காம விடறேன்" என்று ஒவ்வொரு தடவையும் பூட்டி முடித்த பிறகு சொல்வான்.

அண்ணன் சும்மா இருக்கமாட்டார். வீட்டில் அவர் பெயர் பெரியவர். பெரிய கடைத்தொகுதி ஒன்றில் கைக்கடிகாரங்களுக்கு பேட்டரி மாற்றும் கவுண்டர் வைத்திருந்தார். "உன் கைக்கு இந்த வேலை வராதுடா. விட்டுத் தொலை" என்பார். ஒன்பதாவது தடவை பூட்டிய இரண்டாம் மாதம் தம்பி மாரடைப்பில் போனான். சோம்பேறி அன்றும் மூன்று நிமிடம் பிந்தித்தான் ஓடியது.

இந்த வருடம் மாமனாரும் போனார். வீட்டை ஒரு பல் டாக்டர் வாங்கிக்கொண்டார். மாதக் கடைசியில் சாவியைக் கொடுக்க வேண்டும். அதற்குப் பிறகு சின்னவளுக்குப் பெரியவர் வீட்டுப் பின்னறை என்று பேச்சு. பெரியவர் வந்தார். குட்டி வெளியூரிலிருந்து லீவு போட்டுவிட்டு வந்தாள். ஏலக்காரர் ஒருவர் இரண்டு நாள் உட்கார்ந்து எல்லாவற்றையும் பட்டியல் போட்டார். விற்பதற்குப் பச்சைச் சீட்டு, குடும்பத்துக்கு வெள்ளைச் சீட்டு. பிரித்து உதிரியாகப் போடுவதற்கு மஞ்சள்.

சோம்பேறியிலும் அவசரக்காரனிலும் மஞ்சள் ஒட்டியிருந்தது.

சின்னவள் துடைக்கிற துணியோடு அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு முன்னறைக்குப் போனாள்.

"மாமா, ஆளுக்கு ஒண்ணு எடுத்துக்கலாம்னு சொன்னீங்க இல்ல? உங்க தம்பி பங்குக்கு எனக்கு அந்த சோம்பேறி போதும்."

பெரியவர் கண்ணாடியைக் கழற்றினார். "அந்த மேஜைக் கடிகாரத்தை எடுத்துக்கம்மா. வெள்ளிப் பூண் போட்டது. அழகா இருக்கும்."

"அழகுக்குக் கேக்கலை."

"அது வெளிய போகாதும்மா. தப்பு நேரம் காட்டுற சாமான் தாத்தா பேரைப் போட்டுக்கிட்டு ஊருக்குள்ள போகக்கூடாது. அப்பா இருந்திருந்தா இதையேதான் சொல்லியிருப்பார்."

"அப்பா இருந்திருந்தா நீ பேட்டரி மாத்துறதைப் பத்தியும் ரெண்டு வார்த்தை சொல்லியிருப்பார்" என்றாள் குட்டி, அட்டைப்பெட்டியில் சாமான் அடுக்கிக்கொண்டே, தலையைத் தூக்காமல்.

"நீ சும்மா இரு குட்டி."

"அம்பது வயசாச்சு. இன்னும் எத்தனை நாள் சும்மா இருக்கிறது?"

"தகட்டைக் கழட்டிடுங்க மாமா. பேர் இல்லாமலே எடுத்துக்கறேன்" என்றாள் சின்னவள்.

பெரியவர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். "பேரைக் கழட்டிட்டா அது எதுக்கும்மா? அவன் அதுக்கா இத்தனை வருஷம் உக்காந்தான்?" என்றார். அவர் சொன்னதும் நியாயம்தான். அவள் துணியை எடுத்துக்கொண்டு நடைக்குத் திரும்பினாள்.

மறுநாள் இரண்டையும் பிரிக்க ஆரம்பித்தார்கள். முதலில் பெண்டுலங்கள் வெளியே வந்தன. பெரியவர் அவற்றைப் பழைய கம்பளி ஒன்றின் மேல் அடுத்தடுத்து வைத்தார். பிறகு இயந்திரங்களைத் தூக்கி மேஜைக்குக் கொண்டுபோனார். கதவுகளையும் கழற்றிச் சுவரில் சாய்த்தார். நடையில் இரண்டு வெறும் பெட்டிகள் வாயைத் திறந்துகொண்டு நின்றன.

வெளியே வந்துவிட்ட பொருளைத் துடைப்பது அவளுடைய வேலை. தரையில் உட்கார்ந்து முதல் பெண்டுலத்தைக் கையில் எடுத்தாள். முப்பத்திரண்டு வருடம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஆடியதைப் பார்த்திருக்கிறாளே தவிர, கனம் இவ்வளவு என்று தெரியாது. பித்தளைக் குண்டின் முன்பக்கம் பளபளவென்று இருந்தது. பின்பக்கத்தைத் துடைக்கும்போது விரலில் ஏதோ தட்டியது. பற்றவைத்தபோது சொட்டிய ஈயத் துளி. மிளகு அளவு. அதன் நுனி தேய்ந்து தட்டையாக, கண்ணாடி போல மின்னியது.

இது அவசரக்காரனுடையது. மற்றதைத் திருப்பிப் பார்த்தாள். வழவழவென்று இருந்தது.

எதிலாவது உரசினால்தான் அப்படித் தேயும். அவசரக்காரனின் பெட்டிக்குள் தலையை விட்டாள். பின்பலகையில் கீறல் எதுவும் இல்லை. எழுந்து எதிர்ப்பக்கம் போனாள். சோம்பேறியின் பின்பலகையில், குண்டு ஆடுகிற உயரத்தில், பிறை மாதிரி ஒரு மெல்லிய கோடு. ஒரு ஜாண் நீளம். மெருகு போய் மரம் வெளுத்திருந்தது. பழைய கீறல். அதன் மேல் முப்பது வருடத்துத் தூசு படிந்து கறுத்திருந்தது.

அவள் பெண்டுலத்தைத் தூக்கிக்கொண்டு வந்து பெட்டிக்குள் உயரம் பிடித்துப் பார்த்தாள். துளி கோட்டின் மேல் போய் உட்கார்ந்தது.

"மாமா, இங்க கொஞ்சம் வாங்களேன்."

"என்னம்மா, கையில வேலையா இருக்கேன்."

"அவசரக்காரன்ல தொங்குறது அவசரக்காரனோடது இல்லை."

பெரியவர் திருப்புளியோடு வந்தார். அவள் காட்டினாள். அவர் குனிந்து பார்த்தார், மூக்குக் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார், டார்ச் அடித்துப் பார்த்தார். "ரெண்டும் ஒண்ணுதானேம்மா. தாத்தா ஒரே அச்சுல ஊத்தினது" என்றார். ஆனால் குரல் இறங்கியிருந்தது.

"தண்டை அளந்து பாருங்க. எனக்கென்னவோ ஒரு நூல் வித்தியாசம் தெரியுது."

ஒரு நூல் இல்லை. நாலு நூல் இருந்தது. பெரியவர் உள்ளே ஓடினார். பெண்டுலத்தை மாட்டுவதற்கு மேலே மெல்லிய எஃகுத் தகடு ஒன்று தொங்கும். பெண்டுலத்தைக் கழற்றினாலும் அது கடிகாரத்தோடேயே இருந்துவிடும். இரண்டு இயந்திரங்களின் தகடுகளையும் அளந்தார். சோம்பேறியின் தகடு நீளம், அவசரக்காரனின் தகடு குட்டை. அங்கேயும் அதே நாலு நூல்.

பெரியவர் மேஜை விளிம்பில் உட்கார்ந்துவிட்டார். "நீளத் தகட்டுக்குக் குட்டைத் தண்டு. குட்டைத் தகட்டுக்கு நீளத் தண்டு. கணக்கு சரியாப் போயிடும். தாத்தா அப்படித்தான் செஞ்சிருக்கார். இதுல நீளத்துக்கு நீளம் தொங்கியிருக்கு. பிந்தாம என்ன பண்ணும்? அதுல குட்டைக்குக் குட்டை. அது பறந்திருக்கு."

"எப்ப மாறிச்சு?" என்று குட்டி கேட்டாள்.

கேட்ட கையோடு அவளே வாயைப் பொத்திக்கொண்டாள். "கல்யாணத்துக்கு வெள்ளை அடிச்சோமே! எல்லாத்தையும் முற்றத்துல கொண்டு போய் வச்சோமே! அப்ப அண்ணி வந்த நேரம்தான்!" அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சின்னவளுக்கும் வந்தது. இரண்டு பேரும் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். முப்பத்திரண்டு வருடத்தில் அந்த ஜோக்குக்கு அவள் நிஜமாகச் சிரித்தது அன்றுதான்.

பெரியவர் சிரிக்கவில்லை. "திரும்ப மாட்டினது நான்" என்றார். "சுண்ணாம்பு காயறதுக்குள்ள மாட்டணும்னு அப்பா கத்தினார். அவன் துணி எடுக்கப் போயிருந்தான். நான்தான் மாட்டினேன்."

சிரிப்பு நின்றது.

"ஒன்பது தடவை பிரிச்சான்" என்றார் பெரியவர். "உள்ள ஒண்ணுமே இல்லாததைத் தேடிக்கிட்டு."

மாலைக்குள் பிரித்ததையெல்லாம் அவரே திரும்பப் பூட்டினார். இயந்திரங்களைப் பெட்டிக்குள் ஏற்றினார். பெண்டுலத்தை மாட்ட வேண்டிய நேரம் வந்ததும் விலகி நின்றார்.

"நீ மாட்டும்மா."

"நானா? உள்ள கை வைக்கணுமே."

"இந்தக் கை ஒரு தடவை மாட்டின லட்சணம் போதும். நீ மாட்டு."

அவள் கையை முழங்கை வரை உள்ளே விட்டாள். பெட்டிக்குள் எண்ணெயும் பழைய மரமும் கலந்த வாசனை அடித்தது. கணவனின் சட்டைக் கையில் ஞாயிற்றுக்கிழமைகளில் இருந்த வாசனை. தகட்டின் கொக்கி விரலுக்குத் தட்டுப்பட்டது. மாட்டினாள்.

சட்டம் சட்டம்தான், அதில் பெரியவர் அசையவில்லை. இரண்டும் ஏழு நாள் ஓட வேண்டும், ஒரு நிமிடத்துக்குள் நிற்க வேண்டும். சாவி கொடுக்கப் பத்து நாள் இருந்தது. முதல் இரண்டு நாள் திருகை நடுவுக்குக் கொண்டுவந்து அரைச் சுற்று, கால் சுற்று என்று பழக்கினார்கள். மூன்றாம் நாள் காலை ஒன்பது மணிக்குக் கணக்கு ஆரம்பித்தது. பெரியவர் தினமும் கவுண்டரைத் திறக்கும் முன் வந்து, செல்போனை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு முள்ளைப் பார்ப்பார். சோம்பேறி முதல் நாள் நாலு செகண்டு முந்தியது.

"முந்தறானா! இவனா!" என்றார்.

கணக்கின் நாலாவது நாள் விடிந்ததுமே சுமைக்காரர்கள் வந்தார்கள். மாமனாரின் இரும்பு பீரோவை நடை வழியாகத்தான் கொண்டுபோக வேண்டும். "மெதுவா, மெதுவா" என்று கத்திக்கொண்டே பெரியவர் தானும் ஒரு மூலையைப் பிடித்தார். அவர் பிடித்த மூலைதான் நழுவியது. பீரோவின் கால் தரையில் இடித்த இடியில் சோம்பேறி நின்றுவிட்டது.

சின்னவள் கையில் இருந்த டம்ளரைக் கீழே வைத்தாள். நடையில் அவசரக்காரனின் சத்தம் மட்டும் தனியாகக் கேட்டது.

"இடிச்சதால நின்னது. கடிகாரத்து மேல தப்பு இல்லையே. ஆட்டிவிட்டுட்டு விட்ட எடத்துலேர்ந்து எண்ணு" என்றாள் குட்டி.

"ஏழு நாள்னா ஏழு நாள். நடுவுல நின்னா முதல்லேர்ந்துதான்."

"முதல்லேர்ந்து எண்ணினா சாவி குடுக்கிற நாள் தாண்டிடும் அண்ணா."

"தெரியும்."

"தெரிஞ்சும்? உன்னால நின்னதுக்கு அண்ணி எதுக்குத் தண்டனை அனுபவிக்கணும்? முதல் தடவையும் நீ. ரெண்டாவது தடவையும் நீ."

குட்டி இதைச் சொல்லியிருக்க வேண்டாம் என்று சின்னவளுக்குப் பட்டது. பெரியவரின் காது மடல் சிவந்தது. அவர் செல்போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். அவர் யாரிடமும் எதுவும் கேட்கிற ஆள் இல்லை. மகன் கல்யாணத்துக்கு நாற்காலிகூட இரவல் வாங்காதவர். வாசலிலிருந்து அவர் குரல் துண்டு துண்டாகக் கேட்டது.

"ஆமாங்க டாக்டர்... இல்லைங்க, காலி பண்ணிட்டோம்... ரெண்டு கடிகாரம் மட்டும்... ஓடிக்கிட்டு இருக்குதுங்க, நடுவுல தொடக்கூடாது... இல்லைங்க, பல்லு மாதிரி இல்லை, இதுக்கு வலிக்காது..."

திரும்பி வந்தபோது நெற்றியைத் துடைத்துக்கொண்டிருந்தார். "மூணு நாள் சேத்து குடுத்திருக்கார். ஓடுறதை அவரும் வந்து பாக்கணுமாம்."

சின்னவள் பெண்டுலத்தை ஆட்டிவிட்டாள். முள்ளை நேர் செய்தாள். மறுபடி ஒன்றிலிருந்து எண்ணிக்கை.

பச்சைச் சீட்டு ஒட்டியதெல்லாம் போயிற்று. வெள்ளைச் சீட்டு ஒட்டியதும் போயிற்று. சுவரில் கடிகாரங்கள் இருந்த இடம் வெளுப்பாக, வட்டமும் சதுரமுமாகத் தெரிந்தது. குட்டி டிக்கெட்டை மாற்றிவிட்டுத் தங்கினாள். நாத்தனாரும் அண்ணியும் பாயை விரித்து நடையிலேயே உட்கார்ந்து பழைய கதை பேசினார்கள். கட்டில், மேஜை எதுவும் இல்லாத வீட்டில் இரண்டு கடிகாரங்களும் முன்னைவிட உரக்க ஓடின. ஒவ்வொரு வண்டி தெருவில் போகும்போதும் சின்னவள் பேச்சை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொள்வாள். இருக்கிறது. ஓடுகிறது. பேச்சைத் தொடர்வாள்.

"அதைத் தூக்கிட்டு எங்க போகப் போறீங்க அண்ணி? அண்ணன் வீட்டுப் பின்னறை எலிப்பொறி மாதிரி இருக்குமே."

"அங்க போகலை. தையல்கடைக்கு மேல ஒரு ரூம் பேசியிருக்கேன். ரெண்டு ஜன்னல்."

"அண்ணன்கிட்ட சொன்னீங்களா?"

"ஏழு நாள் ஆகட்டும்."

ஏழு நாள் முடிகிற காலை எட்டே முக்காலுக்கே பெரியவர் வந்துவிட்டார். பல் டாக்டரும் வந்தார். மெலிந்த மனிதர், செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு ஏதோ பரீட்சை நடக்கிற இடத்துக்கு வந்தவர் போல மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஒன்பது அடித்தது. இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாகவே அடித்தன. பெரியவர் செல்போனையும் முள்ளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அவசரக்காரன் முப்பத்தஞ்சு செகண்டு பிந்தியிருக்கான்."

"மத்தது?"

"இருபத்திரண்டு. முந்தியிருக்கான்."

சின்னவள் கேட்டாள்: "இருபத்திரண்டு நிமிஷமா, செகண்டா?"

"செகண்டும்மா. செகண்டு."

டாக்டர் கைதட்டிவிட்டார். பிறகு வெட்கப்பட்டு நிறுத்தினார். பெரியவர் விரல் நகத்தால் மஞ்சள் சீட்டைச் சுரண்டினார். ஈரத்துணி கேட்டு வாங்கி, பசைத் தடத்தையும் துடைத்தார். துடைத்துக்கொண்டே, யாரையும் பார்க்காமல் சொன்னார்:

"உள்ள திறந்து பார்த்தேன் நான், அன்னிக்கு. ஒவ்வொரு சக்கரப் பல்லும் கழுவி வச்ச மாதிரி இருந்தது. ஒரு எடத்துல ஒரு பிசிறு கிடையாது. அதான் தண்டு மாறின உடனே ஓடிடுச்சு. வேற ஒருத்தன் கை பட்டிருந்தா ஓடியிருக்காது." துணியை மடித்தார். "அவன் கைக்கு வேலை வராதுன்னு நான் சொன்னேன்."

"சொன்னீங்க" என்றாள் சின்னவள்.

பரவாயில்லை என்று சொல்லவில்லை. அவர் தலையை ஆட்டினார்.

அவசரக்காரனைக் குட்டி எடுத்துக்கொண்டாள். அன்று மத்தியானம் இரண்டு கடிகாரங்களும் பாட்டன் பெயரோடு வாசலைத் தாண்டின. அவசரக்காரன் குட்டியின் ஊருக்கு லாரி ஏறினான். சோம்பேறியின் பெட்டியை நாலு பேர் தூக்கினார்கள். இயந்திரத்தைப் பெரியவர் குழந்தையைப் போல மார்போடு அணைத்துக்கொண்டார். பெண்டுலத்தைச் சின்னவள் எடுத்துக்கொண்டாள். தெருவில் குட்டியும் சேர்ந்து மூவரும் ஒருவர் பின் ஒருவராக நடந்தார்கள். டீக்கடையில் நின்றவர்கள் ஊர்வலத்தைப் பார்த்து வழிவிட்டார்கள்.

தையல்கடைப் படிக்கட்டில் திரும்பும் இடத்தில்தான் பெரியவருக்கு உறைத்தது. "இதென்ன, நம்ம வீட்டுக்குப் போகலையா?"

"இதுவும் நம்ம வீடுதான் மாமா. பாத்து ஏறுங்க, மூணாவது படி ஆடும்."

அவர் ஒரு நிமிடம் படியிலேயே நின்றார். பிறகு இயந்திரத்தை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஏறினார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மூச்சு வாங்கிக்கொண்டு அவர் படியேறி வந்தார், செல்போன் கையில் தயாராக இருந்தது. அறையில் ஒரே நாற்காலி. அவள் அதை அவருக்குப் போட்டுவிட்டு ஜன்னல் மேடையில் உட்கார்ந்தாள். கீழே தையல் மெஷின் ஓடுகிற சத்தம் கேட்டது.

"பதினோரு செகண்டு" என்றார் அவர்.

"டீ ஆறுது, குடிங்க."

குடித்தார். வந்த வேலை முடிந்துவிட்டது. எழுந்திருக்கவில்லை. டம்ளரை இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டு, "அவனுக்குப் பன்னிரண்டு வயசு இருக்கும்..." என்று ஆரம்பித்தார்.

அவள் காலை மடித்து வசதியாக உட்கார்ந்துகொண்டாள்.